டாப்பெட் சத்தம்

நஞ்சுண்டன் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை.

"அண்ணா, இதக் கொஞ்சம் கேளுங்க. நாலஞ்சு நாளா டிக்குடிக்குனு ஒரு சத்தம் வருதுங்க."

ஞானாபரணம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். கோபிசெட்டிபாளையத்தில் சத்தி ரோட்டின் மேல் அவருடைய பட்டறை. நாலு ஸ்ட்ரோக் வண்டிகள் ஊருக்குள் வர ஆரம்பித்த புதிதிலேயே பிரித்துப் பார்த்து வேலை படித்தவர் என்று அவருக்கு ஒரு பெயர் இருந்தது. நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து நுனியை சிலிண்டர் ஹெட்டில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்து அழுத்தினார்.

எஞ்சினின் கனத்த முழக்கம் கேட்டது. சைலன்சரின் தம்தம் கேட்டது. டிக்குடிக் எங்கேயும் இல்லை.

இல்லை என்று அவருக்குத்தான் தோன்றியது. ஒரு வருஷத்துக்கு மேலாகவே சன்னமான சத்தங்கள் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. முதலில் கொசுவின் ரீங்காரம், பிறகு சைக்கிள் மணி, அப்புறம் குக்கர் விசில். இளவயதில் பீளமேட்டு மோட்டார் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் பிரிவிலேயே வருஷக்கணக்கில் நின்றதன் பலன் என்று நினைத்துக்கொள்வார். யாரிடமும் சொன்னதில்லை. காது கேட்காத மெக்கானிக்கிடம் யார் வண்டியை விடுவார்கள்? வால்வைத் தட்டும் டாப்பெட்டின் இடைவெளியைச் சரிசெய்யும் வேலை வந்தால் கேஜ் தகட்டை வைத்து அளவு பிடிப்பார். கடைசியில் வண்டியை ஸ்டார்ட் செய்து, தலையைச் சாய்த்துக் கேட்பதுபோல் கொஞ்ச நேரம் நிற்பார். இதுவரை ஓடிவிட்டது.

"ஆக்சிலேட்டரத் திருகுங்க," என்றார்.

நஞ்சுண்டன் திருகினான். முழக்கம் கூடியது, குறைந்தது.

"கேக்குதுங்களா?" என்றான் நஞ்சுண்டன்.

"இது ஒண்ணுமில்லீங்க தம்பி. ஃபோர் ஸ்ட்ரோக்குன்னா கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும். போன மாசந்தான நானே டாப்பெட் வெச்சுக் குடுத்தேன்."

"இல்லீங்கண்ணா, தாளவாடி போறனுங்க இன்னிக்கு. தங்கச்சி புதுசா ஊடு கட்டியிருக்குது, நாளைக்குக் காலைல பால் காய்ச்சறாங்க. ஊட்டுக்காரி ராமாமணியும் பாப்பாவும் கூட வாராங்க. திம்பம் மலை ஏறோணுமில்லீங்க. வண்டி சரியில்லீனா பஸ்சுல போயிறலாம்னு பாத்தேன். நீங்க சொல்றதுதான்."

ஞானாபரணம் ஸ்க்ரூடிரைவரை மறுபடி ஹெட்டில் வைத்தார். இந்தத் தடவை வைத்தது நஞ்சுண்டன் பார்ப்பதற்காக.

"தாராளமா போங்க," என்றார்.

நஞ்சுண்டனின் முகம் தெளிந்தது. தோட்டத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு அப்படியே கிளம்பிவிடுவதாகச் சொல்லி வண்டியை எடுத்தான்.

பட்டறையின் முன்பக்கத்தில் தையல் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஜெயக்கொடி, மிதித்துக்கொண்டிருந்த காலை நிறுத்தினாள். தெருவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி மிஷினை மிதித்தாள்.

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்தபோதுதான் கேட்டாள். "அந்த வண்டிக்கு ஏனுங்க ஒண்ணுமில்லைன்னீங்க?"

"ஒண்ணுமில்ல, சொன்னேன்."

"தெருமுக்கு திரும்பற வரைக்கும் அடிச்சுக்கிட்டே போச்சுங்க."

அவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். நிமிரவில்லை. "எப்படி அடிச்சுது?"

ஜெயக்கொடி கத்தரிக்கோலை எடுத்து, அதன் காதுப்பக்கத்தால் தூக்கு மூடியின் மேல் தட்டிக் காட்டினாள். அவருக்கு அந்தச் சத்தம் துணிக்கு அடியிலிருந்து வருவதுபோல்தான் கேட்டது. ஆனால் அவள் கை எழும்பி இறங்குவதைக் கண்ணால் பார்த்தார். மூன்று தட்டு ஒரே சீராக விழுந்தது. ஒன்று தாமதமாக வந்தது. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல் விழுந்தன.

"இப்படி விட்டுவிட்டா?"

"ஆமாங்க. விட்டுவிட்டு."

பிசைந்த கை நின்றது. டாப்பெட்டில் இடைவெளி கூடிப்போனால் சத்தம் தையல் போட்டதுபோல் சீராக வரும். அதனால் பெரிய கெடுதல் இல்லை. விட்டுவிட்டு வந்தால் அளவு வைக்கும் திருகே ஆடுகிறது என்று அர்த்தம். திருகு ஆடுகிறதென்றால் அதைப் பிடித்திருக்கும் லாக் நட்டு தளர்ந்திருக்கிறது. போன மாதம் அந்த வண்டியின் கீழ் டாப்பெட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது பால்வண்டிக்காரர் ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தார். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து நட்டை இறுக்கினோமா? நினைவுக்கு வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

அந்த நட்டு கழன்று உள்ளே விழுந்தால், பக்கத்திலேயே டைமிங் செயின் ஓடுகிறது. செயினில் சிக்கினால் எஞ்சின் அப்படியே இறுகி நிற்கும். பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். திம்பம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில், டேங்கின் மேல் குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு போகும்போது.

"உங்களுக்குச் சரியாக் கேக்கறதில்லைன்னு எனக்கு ஆடி மாசத்துலருந்தே தெரியும்ங்க," என்றாள் ஜெயக்கொடி. "நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். நானும் வாயத் தொறந்திருக்கோணும்."

அவர் எழுந்து கையைக் கழுவினார். ஸ்பேனர்களையும் கேஜையும் பையில் போட்டார். தன் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை வெளியே தள்ளினார். ஜெயக்கொடி பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு?"

"சரியாச்சான்னு யாருங்க கேட்டுச் சொல்றது?"

அவர் கிக்கரை உதைத்தார்.

நஞ்சுண்டனின் தோட்டம் சத்தி போகும் வழியில்தான் இருந்தது. வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஆள், அவர்கள் புறப்பட்டு அரைமணி நேரமாகிவிட்டது என்றான். சத்தியமங்கலத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. ஞானாபரணம் காத்து நிற்கப் பொறுக்காமல் சாக்கடை ஓரமாகவே வண்டியை விட்டுக் கடந்தார். பவானி ஆற்றுப் பாலத்தில் எதிரே வந்த பஸ் விலகச் சொல்லி அடித்த ஹாரனுக்கு, ஜெயக்கொடி அவர் தோளைப் பிடித்து அழுத்திய பிறகுதான் ஒதுங்கினார். அதற்கப்புறம் அவள் தோளிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

பண்ணாரி செக்போஸ்ட்டில் போலீஸ் நின்றது. அந்த வருஷங்களில் சந்தனக் கடத்தல்காரர்களைத் தேடி, காட்டுக்குள் போகும் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திச் சோதிப்பார்கள். ஒரு போலீஸ்காரர் கருவிப்பையை வாங்கி ஸ்பேனர் ஸ்பேனராக வெளியே எடுத்துவைத்தார். இன்னொருவர் பின்னாலிருந்து ஏதோ கேட்டார். ஞானாபரணம் திரும்பவில்லை. அவர் மறுபடி கேட்டார். பிறகு முன்னால் வந்து நின்று முறைத்தார்.

"கேட்டுட்டே இருக்கேன், பதில் சொல்ல மாட்டியா?"

"வண்டிச் சத்தத்துல கேக்கலீங்க சார்," என்றாள் ஜெயக்கொடி அவசரமாக. "சொந்தக்காரங்க வண்டி மேல ரிப்பேராயிருச்சுங்க. குழந்தையோட ஒரு புருஷன் பொஞ்சாதி, பாத்தீங்களா?"

"கொஞ்சம் முந்தித்தான் ஏறினாங்க. அது வண்டியா, கொல்லன் பட்டறையா? அவ்வளவு சத்தம்." போலீஸ்காரர் பையைத் திருப்பிக் கொடுத்தார். "வழியில எங்கேயும் நிக்காதீங்க. நேத்து சாயங்காலம்கூட ஆனை ரோட்டுக்கு வந்துச்சு."

ஏற்றம் ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவிலும் ஞானாபரணம் முதலில் பார்த்தது சாலையோரத்துக் கல்சுவரைத்தான். அது உடையாமல் இருக்கிறதா, தார்ச்சாலையில் சக்கரம் இழுத்த கோடு தெரிகிறதா என்று பார்த்தார். உதடு தானாக ஜெபத்தை முணுமுணுத்தது. அது தனக்கே கேட்கவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

பாதிமலை ஏறியதும் ஒரு வளைவைத் தாண்டி வண்டி ஓரமாக நின்றிருந்தது. ராமாமணி கல்சுவரில் உட்கார்ந்திருந்தாள். தோளில் குழந்தை அக்‌ஷயா தூங்கிக்கொண்டிருந்தது. நஞ்சுண்டன் கிக்கரில் காலை வைத்திருந்தான்.

"உதைக்காதீங்க," என்று கத்திக்கொண்டே ஞானாபரணம் வண்டியை நிறுத்தினார். "தம்பி, கிக்கர உதைக்காதீங்க."

நஞ்சுண்டன் திகைத்துப் பார்த்தான். "அண்ணா? ஏனுங்க, நீங்க எப்படிங்க இங்க?"

"என்ன ஆச்சு?"

"ஏத்தத்துல இழுக்கவே இல்லீங்க. சத்தமும் சுத்தியல்ல அடிக்கிறாப்பல வந்துது. பயந்துபோய் நிறுத்திப்போட்டேன்."

ஞானாபரணம் மண்ணில் குந்தினார். ஹெட்டின் கீழ்ப்பக்கத்து டாப்பெட் மூடி கையை வைக்க முடியாதபடி கொதித்தது. துணியைச் சுற்றிப் பிடித்து ஸ்பேனரால் கழற்றினார். சூடான ஆயில் மணிக்கட்டில் வழிந்தது. குனிந்து உள்ளே பார்த்தார். லாக் நட்டு திருகின் கடைசிப் புரியில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு சுற்று சுற்றியிருந்தால் விழுந்திருக்கும்.

விரலால் அதைத் தொட்டதும் அவர் கை நடுங்கியது. நஞ்சுண்டனும் குனிந்து பார்த்தான். விளக்கம் எதுவும் அவனுக்குத் தேவைப்படவில்லை.

"முறுக்கி விடுங்க, போலாம். வெயில் இறங்கிட்டிருக்குது."

"எஞ்சின் ஆறோணும்ங்க தம்பி. சூட்டுல அளவு வெச்சா ஆறுனதும் மாறிப்போகும். கை பொறுக்கற அளவுக்காவது ஆறட்டும்."

கீழேயிருந்து ஒரு சரக்கு லாரி முனகிக்கொண்டு ஏறி வந்தது. நஞ்சுண்டன் கையைக் காட்டினான். ஏற்றத்தில் நிறுத்த முடியாது என்று ஓட்டுநர் சைகை செய்தார். தாண்டிப் போகையில் தலையை வெளியே நீட்டி, "கீழ வளைவுல ஆனை நிக்குது. குட்டியோட நிக்குது. சீக்கிரம் போங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராமாமணி குழந்தையை இறுக்கிக்கொண்டு எழுந்து, சுவரை விட்டு விலகி ஜெயக்கொடியின் பக்கத்தில் வந்து நின்றாள். கீழே, அவர்கள் ஏறிவந்த சாலையின் ஓரத்தில் மூங்கில் முறிந்தது. எல்லோருடைய தலையும் அந்தப் பக்கம் திரும்பியதைப் பார்த்துத்தான் ஞானாபரணமும் திரும்பினார்.

நஞ்சுண்டன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "காலைல வண்டியக் கொண்டாந்து காட்டினனில்லீங்க. அப்பவே இந்தச் சத்தம் இருந்துது. ஒண்ணுமில்ல, தாராளமா போங்கன்னீங்க. இப்ப இத்தன தூரம் தொரத்திட்டு வந்திருக்கீங்க. அது என்னங்க?"

அவன் தாழ்ந்த குரலில் பேசியதில் பாதிதான் அவருக்குப் பிடிபட்டது. மீதியை அவன் முகத்திலிருந்து தெரிந்துகொண்டார். ஜெயக்கொடி வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"எனக்குக் காது கேக்கறதில்லைங்க தம்பி. சன்னச் சத்தம் ஒண்ணுமே கேக்காது. ஒரு வருஷத்துக்கு மேலாச்சு. காலைல நீங்க கேக்கச் சொன்னப்பவும் எனக்கு ஒண்ணும் கேக்கல. கேட்டாப்பல நடிச்சுப்போட்டேன். இந்த நட்டும் நான் முறுக்காம உட்டதுதான்."

நஞ்சுண்டன் எழுந்து இரண்டடி தள்ளிப் போனான். திரும்பி வந்தான். முகம் கறுத்திருந்தது.

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"ஆமாங்க."

"பாப்பாவ முன்னால உக்கார வெச்சுட்டு வந்தனுங்க." அவன் குரல் உயரவில்லை. "பஸ்சுல போறேன்னு சொன்னனுங்க உங்ககிட்ட."

ஞானாபரணம் தலையைக் குனிந்துகொண்டார்.

யானைகள் அப்போதுதான் சாலைக்கு வந்தன. கீழ்ச்சாலை அவர்களுக்கு நேர் கீழே தெரிந்தது. பெரிய பெண்யானை ஒன்று முதலில் வந்து நடுரோட்டில் நின்று துதிக்கையைத் தூக்கிக் காற்றை மோந்தது. குட்டி அதன் வயிற்றுக்கடியில் நின்றது. அக்‌ஷயா விழித்துக்கொண்டு சிணுங்க ஆரம்பித்தாள். ராமாமணி அவள் முகத்தைத் தன் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். ஜெயக்கொடி குழந்தையின் முதுகை மெல்லத் தடவியபடி, "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல," என்று உதட்டை மட்டும் அசைத்தாள். பெண்யானை வெகுநேரம் நின்றது. பிறகு குட்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்து சரிவில் இறங்கியது. பின்னால் இன்னும் மூன்று போயின. கடைசி யானை மறைந்த பிறகும் யாரும் அசையவில்லை.

ஞானாபரணம் ஹெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பொறுத்தது. எஞ்சினின் இடப்பக்கத்து மூடியைத் திறந்து, ஃப்ளைவீலில் உள்ள குறி நேராக வரும்வரை மெதுவாகத் திருப்பினார். கேஜில் மிக மெல்லிய தகட்டை எடுத்து வால்வுக்கும் திருகுக்கும் நடுவே நுழைத்தார். தகடு லேசாகப் பிடித்து நழுவும்வரை திருகைச் சரிசெய்தார். லாக் நட்டை இறுக்கினார். மேல் டாப்பெட்டையும் திறந்து அதேபோல் செய்தார். மூடிகளைப் பூட்டினார்.

நஞ்சுண்டன் ஸ்டார்ட் செய்தான். ஞானாபரணம் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பிடியை ஜெயக்கொடியிடம் நீட்டினார். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு குந்தி, அவர் காட்டிய இடத்தில் நுனியை வைத்துக் காதைக் கொடுத்தாள்.

"மேல ஒண்ணுமில்லீங்க. கீழ இருக்குது."

"இருக்காது. கேஜ் வெச்சுத்தான முறுக்கினேன்."

"இருக்குதுங்க. இப்ப ஒரே சீரா வருது. ஆனா இருக்குது."

அவர் நஞ்சுண்டனைப் பார்த்தார். "எனக்கும் கேக்குதுங்க," என்றான் அவன்.

வெயில் மலைமுகட்டைத் தொட்டிருந்தது. மறுபடி பிரிப்பதென்றால் இன்னும் நேரம் ஆகும். தகடு சரியாகப் பிடித்தது அவருடைய விரலுக்குத் தெரியும். இருபது வருஷத்து விரல். ஆனாலும் எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டுக் கீழ் மூடியைக் கழற்றினார். தகட்டை நுழைத்தார். அது எங்கேயும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. நட்டை இறுக்கியபோது திருகும் சேர்ந்து திரும்பியிருந்தது. புதிதாக வேலை பழகுபவர்கள் செய்யும் தப்பு. கை நடுக்கத்தில் திருகைச் சரியாகப் பிடித்துக்கொள்ளாமல் விட்டிருக்கிறார். முன்பெல்லாம் ஸ்டார்ட் செய்த நொடியிலேயே காது காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தத் தடவை திருகைக் குறடால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கினார். இறுக்கிய பிறகு மறுபடி தகட்டை விட்டுப் பார்த்தார். பிடித்தது.

ஜெயக்கொடி கேட்டாள். நெடுநேரம் கேட்டாள். "இல்லீங்க," என்றாள்.

நஞ்சுண்டன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். ஆனால் ராமாமணி நகரவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு அந்த வண்டியையே பார்த்தபடி நின்றாள். அவளை யாரும் ஏறச் சொல்லவும் இல்லை.

"அம்மணி, நீயும் பாப்பாவும் எங்க வண்டில வாங்க," என்றாள் ஜெயக்கொடி. "நான் தம்பி வண்டில வாரேன். காதுகுடுத்துக்கிட்டே வாரேன். சத்தம் மாறுச்சுன்னா உடனே நிறுத்திரலாம்."

ஞானாபரணம் அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்வதற்கு அவருக்கு என்ன உரிமை இருந்தது? காலையில் இன்னொருவனின் பெண்டாட்டியையும் பிள்ளையையும் அதே வண்டியில் தாராளமாகப் போகச் சொன்னவர் அவர்தான்.

நஞ்சுண்டன் முன்னால் போனான். ஞானாபரணம் ராமாமணியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு இருபதடி பின்னால் போனார். ஒவ்வொரு வளைவிலும் ஜெயக்கொடியின் நீலப் புடவை சாய்ந்து நிமிர்ந்தது. அந்த வண்டி சற்றுத் தயங்கினாலும் அவர் கால் பிரேக்கைத் தேடியது. தன் வண்டியின் சத்தம்கூட அவருக்குள் இறங்கவில்லை. முன்னால் போகும் வண்டியின் பின்சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினார். இப்படி ஒரு பயத்தை அவர் அதற்கு முன் அறிந்ததில்லை.

திம்பம் உச்சியில் டீக்கடை வெளிச்சம் தெரிந்தது. நஞ்சுண்டன் வண்டியை நிறுத்தினான். ஜெயக்கொடி இறங்கி, காற்றில் கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். "ஒரே சீரா வந்துதுங்க," என்றாள். அதற்கப்புறம்தான் கடைப்பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

நஞ்சுண்டன் டீயைக் குடித்து முடித்தான். பிறகு ஞானாபரணத்துக்கு எதிரே வந்து நின்று, கேட்கும்படியாக நிறுத்திச் சொன்னான். "தொரத்திட்டு வந்தீங்க. அத நான் மறக்க மாட்டனுங்கண்ணா. ஆனா இனிமே என் வண்டிய உங்ககிட்ட விடறதுக்கு மனசு வராதுங்க."

"சரிங்க தம்பி."

ராமாமணி குழந்தையோடு மறுபடி கணவன் வண்டியில் ஏறிக்கொண்டாள். சமதளத்துச் சாலையில் அவர்கள் ஆசனூர்ப் பக்கமாகப் போவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெயக்கொடி தலையைச் சாய்த்து, சத்தம் தேயும்வரை கேட்டாள்.

நஞ்சுண்டன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். பட்டறைப் பக்கம் வரவில்லை. நடந்ததை அவன் வெளியே சொன்னானா என்று தெரியாது. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. டாப்பெட் வேலைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஞானாபரணமே சொல்லிவிட்டார். "எனக்குக் காது மந்தம்ங்க. சத்தத்த ஊட்டுக்காரிதான் கேட்டுச் சொல்லும். சரின்னா வண்டிய விட்டுட்டுப் போங்க." சிலர் சிரித்தார்கள். சிலர் வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போனார்கள். பாலுசாமி என்ற வாத்தியார் மட்டும் முதல் நாளே, "அம்மணி, நல்லாக் கேட்டுச் சொல்லு," என்று சாவியை ஜெயக்கொடியின் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

தை மாதம் அவர்கள் கோயமுத்தூருக்குப் போனார்கள். காது டாக்டரின் அறையை ஒட்டி ஒரு சின்னக் கண்ணாடி அறை இருந்தது. அதற்குள் உட்காரவைத்து, காதுகளில் கனமான ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போது மட்டும் அழுத்த வேண்டும் என்று சோதனை செய்யும் பெண் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து மிஷினில் கையை வைத்தாள்.

முதலில் கனத்த சத்தங்கள் வந்தன. அழுத்தினார். பிறகு அவை மெலிந்தன. அப்புறம் ஒன்றும் வரவில்லை. ஆனால் கண்ணாடி வழியாக அவளுடைய தோள் லேசாக அசைவது தெரிந்தது. அசையும் ஒவ்வொரு தடவையும் ஒரு சத்தம் அனுப்புகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. கட்டைவிரல் தானாகப் பொத்தானின் மேல் வந்தது.

அவர் கண்களை மூடிக்கொண்டார். கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, ஏதாவது கேட்கும் என்று காத்திருந்தார்.